பிள்ளைகளுக்குத் தையலும் சமையலும் கற்றுத் தருதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில், கோடை விடுமுறைதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தையலும் சமையலும் சொல்லித் தருகிறேன். பத்து வயது முதல் பதினேழு வயது வரை ஆணும் பெண்ணும் வருகிறார்கள். சேர்த்துவிட வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், நான் வழக்கமாகச் சொல்லும் விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் மகள் வீட்டில் கூடமாட வேலை செய்கிறாள். தனியாகச் சொல்லித் தர என்ன இருக்கிறது?

இதற்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டும். மற்ற விடைகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. பூண்டு உரித்துக் கொடுப்பதும், கொத்தமல்லி ஆய்வதும், மூன்றாவது விசில் வந்ததும் அடுப்பை அணைப்பதும் எடுபிடி வேலைகள். அவற்றைப் பத்து ஆண்டுகள் செய்த பிள்ளைக்கும் ரசம் வைக்கத் தெரியாமல் இருக்கலாம். ஏனென்றால் புளியை எவ்வளவு கரைப்பது, பொடி எப்போது போடுவது, நுரை கட்டி வரும்போது எந்த நொடியில் இறக்குவது என்ற முடிவுகளையெல்லாம் அம்மாவே எடுத்துவிடுகிறார். பிள்ளையின் கைக்குப் பழக்கம் வந்திருக்கும், ஆனால் முடிவெடுத்துப் பழக்கம் இருக்காது.

ஆகவே, எவ்வளவு சிறியதானாலும் ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை பிள்ளையிடம் ஒப்படைப்பதே என் முறை. ரசம் என்றால், தக்காளி இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் கடைக்குப் போவது, வைப்பது, பரிமாறுவது, சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பது, மேடையைத் துடைப்பது வரை எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. இடையில் பெரியவர் கரண்டியை வாங்கிவிட்டால் அன்றைய பாடம் அங்கேயே நின்றுவிடும். என் மூத்த மகனிடம் நானே இந்தத் தவறைச் செய்தேன். வெங்காயத்தைச் சீராக நறுக்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை, ஆனால் வேலை கிடைத்து வெளியூரில் அறை எடுத்துத் தங்கிய முதல் வாரத்திலேயே, "எண்ணெய் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?" என்று தொலைபேசியில் கேட்டான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

நான் வயதைவிட உயரத்தைப் பார்க்கிறேன். மேடைக்கு முன் நின்றால் பாத்திரத்துக்குள் இருப்பது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; அடுப்பின் மட்டம் முழங்கைக்கு மேலே போகக் கூடாது. முக்காலி மேல் ஏற்றி நிறுத்திக் கிளறச் சொல்வதை நான் அனுமதிப்பதில்லை. தடுமாறும் பிள்ளை பிடிமானத்துக்காகப் பற்றுவது வாணலியின் காதாகத்தான் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த உயரம் பத்து, பதினோரு வயதில் வந்துவிடுகிறது.

அதற்கு முன்பும் நெருப்பில்லாத முழு வேலைகள் உண்டு. தயிர்ப் பச்சடி செய்யலாம், எலுமிச்சைச் சாறு கலக்கலாம், அவலை ஊறவைத்து வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்க்கலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குச் சாக்குத் துண்டும் கம்பளி நூலும் முனை மழுங்கிய பெரிய ஊசியும் கொடுத்தால், ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேரே போகும் ஓட்டுத் தையல் அதற்கு விளையாட்டாகவே வந்துவிடும்.

முதல் சமையலாக எதைச் சொல்லித் தருவது?

எங்கள் கொங்கு நாட்டுக்காரருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அரிசி பருப்பு சாதம், பேச்சில் சொன்னால் அரிசிம்பருப்பு. ஒரே பாத்திரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு முழுதும் அமைந்துவிடுகிறது. களைதல், நறுக்குதல், தாளித்தல், வதக்குதல், தண்ணீர் அளத்தல், குக்கர் மூடுதல் என்று சமையலின் அடிப்படைச் செயல்கள் ஒவ்வொன்றும் அதில் ஒருமுறை வந்து போகின்றன.

ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு சேர்த்துக் களைந்து, இருபது நிமிடம் ஊறப் போட வேண்டும். அந்த இடைவெளியில் பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, ஒரு தக்காளி ஆகியவற்றைத் தயார் செய்துகொள்ளலாம். எண்ணெய் ஊற்றியதும் ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். அது சும்மா கிடந்தால் பொறுக்க வேண்டும். சிறிது நேரத்தில் துள்ளி வெடித்தால் எண்ணெய் பதம். எண்ணெயே புகைந்தால் அடுப்பை அணைத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். கடுகு, சீரகம், வரமிளகாய், ஈரம் துடைத்த கறிவேப்பிலை, பிறகு வெங்காயமும் பூண்டும், அவை வதங்கியதும் தக்காளி, மஞ்சள்தூள், சாம்பார்ப் பொடி என்ற வரிசை அது. மூன்றரை டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்ததும் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால்தான் அரிசி வெந்த பிறகு சரியாக நிற்கும். அரிசியும் பருப்பும் போட்டு மூன்று விசில் விட்டு, ஆவி அடங்கியதும் திறந்து நெய் விட வேண்டும்.

சென்ற ஆண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் உப்பை அடியோடு மறந்துவிட்டான். தட்டு வைத்து எல்லாருக்கும் பரிமாறிய பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. உப்பு ஜாடியை எடுத்துச் சாதத்தின் மேல் தூவப் போனவன், ஒருமுறை கிளறிப் பார்த்தான், கட்டியாக இருக்கும் சாதத்தில் உப்பு பரவாது என்று அவனுக்கே பட்டது. கொஞ்ச நேரம் நின்று யோசித்து, அரை டம்ளர் வெந்நீரில் உப்பைக் கரைத்து, நெய்யோடு சேர்த்துச் சுற்றிலும் ஊற்றிக் கிளறினான். சாதம் சற்றுக் குழைந்தது, ஆனால் உப்பு எல்லா இடத்திலும் ஏறிவிட்டது. நான் அருகில்தான் நின்றேன். வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பெற்றோர் ஒருமுறையேனும் செய்து பார்க்க வேண்டும்.

இதற்கு அடுத்தபடி ரசம், ஒரு பொரியல், தோசை வார்ப்பது. மாவு அரைப்பதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது மனப்பாடம் ஆகிவிடும்; சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரமும் கேட்கும் என்பது பழகித்தான் வரும்.

கேஸ் அடுப்பும் குக்கரும் பயமாக இருக்கிறதே?

பயப்படுவதில் தவறில்லை, எதற்குப் பயப்படுவது என்பதைச் சொல்லித் தந்துவிட்டால் போதும். வீட்டு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ கேஸுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை அதில் சேர்க்கிறார்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே எழும்பாமல் தரையோடு தரையாகப் பரவி நிற்கும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மற்றவை தாமாகவே விளங்கும். நாற்றம் வந்தால் அடுப்பின் திருகையும் ரெகுலேட்டரையும் மூட வேண்டும், கதவையும் சன்னலையும் திறக்க வேண்டும், விளக்கு, மின்விசிறி எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். முதல் நாள் அடுப்புப் பற்ற வைக்காமலே இதை இரண்டு முறை நடித்துப் பார்க்கிறோம். அடுப்புக்கு வரும் ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்க்கச் சொல்வதும் அன்றைக்கே. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, காலாவதியாகி இருந்தது என்று சொல்லும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது. பருப்பு சீக்கிரம் வேகும் காரணமும் அதுவே, மூடியை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாத காரணமும் அதுவே. மூடும் முன் மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விசில் மாட்டும் குழலின் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பருப்பு நுரைத்து மேலே வந்து அந்தத் துளையை அடைத்துவிடும் என்பதால், குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மை, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டையான மூடியால் மூடிவிட வேண்டும். துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்வதும், சூடான பொருளை மிக்ஸி ஜாரில் அடைத்து அரைக்காமல் இருப்பதும் சொல்லாமலே பழக்கமாக வேண்டியவை. கத்தியைப் பொறுத்தவரை, மழுங்கியதைக் கொடுத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருப்பதால் அதுதான் வழுக்கி விரலுக்கு வரும்.

தையலுக்கு மெஷின் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். முதல் இரண்டு வாரம் கைத்தையல்தான். எங்கள் ஊரில் வெளுக்காத பருத்தித் துணியான காடாத் துணி மலிவாகக் கிடைக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்குத் துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டி அதைவிட நல்லது. நூலை விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும், அதாவது ஒரு முழத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு மூன்று முழம் எடுக்கும் பிள்ளை, சிக்கெடுப்பதிலேயே அந்த மணி நேரத்தைக் கழிக்கும். ஊசி எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். மெஷின் ஊசியில் எண் கூடக் கூட ஊசி தடிக்கும். கடைக்காரரிடம் கேட்கும்போது இது தெரியாவிட்டால் தவறான ஊசியோடு வீடு திரும்ப நேரும்.

ஓட்டுத் தையல், ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுவரும் பின் தையல், மடித்த ஓரத்தைப் பிடித்துத் தைக்கும் எம்மிங் ஆகிய மூன்றும் வந்துவிட்டால் முதல் முழு வேலை சட்டைக்குப் பட்டன் தைப்பது. இதில் எல்லாரும் செய்யும் பிழை, பட்டனைத் துணியோடு ஒட்ட இறுக்கிவிடுவது. அப்படித் தைத்த பட்டன், காஜா எனும் பட்டன் துளைக்குள் நுழையாமல் முரண்டு பிடிக்கும், நாலு நாளில் துணியையும் கிழித்துக்கொண்டு வரும். பட்டனின் மேல், துளைகளுக்கு நடுவே ஒரு தீக்குச்சியைப் படுக்க வைத்து, நூல் அதன் மேலாகப் போய் வரும்படி ஆறேழு முறை தைக்க வேண்டும். பிறகு குச்சியை உருவிவிட்டுப் பட்டனைத் தூக்கினால், துணிக்கும் பட்டனுக்கும் இடையே கொஞ்சம் நூல் தளர்ந்து நிற்கும். அந்த இடத்தைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றி அடியில் முடிச்சிட்டால் பட்டனுக்குக் கழுத்து வந்துவிடும். குச்சியை உருவும் அந்தக் கணத்தில் பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுப்பதில்லை.

மெஷினில் உட்காரும் முதல் நாள் நூலே கிடையாது. நூல் கோக்காத ஊசியால், கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். ஊசித் துளைகள் கோட்டை விட்டு விலகினால் தாளே காட்டிக் கொடுத்துவிடும். காலால் மிதிக்கும் மெஷினில் சக்கரம் பின்பக்கம் சுழலாமல் ஒரே சீராக மிதிக்க வருவதற்கு மூன்று நாள் பிடிக்கும். அதன் பிறகு முதல் முழு வேலை தலையணை உறை. அளப்பது, வெட்டுவது, நேர்த்தையல், மடித்துத் தைப்பது எல்லாம் அதில் உண்டு. பிழையானாலும் தலையணை கோபித்துக்கொள்ளாது. முதல் மாதத்திலேயே ரவிக்கை தைத்துக் காட்டச் சொல்லும் தாய்மார்களிடம் நான் பணிவுடன் மறுத்துவிடுகிறேன். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய உடை, கை வளைவு, கழுத்து, உடம்புக்கு ஒட்ட மடித்துப் பிடிக்கும் டக்கு என்று தையலில் இருப்பதிலேயே கடினமானது அது. அதில் தொடங்கி, 'எனக்குத் தையல் வராது' என்று முடிவு கட்டிய பெண்கள் பலர்.

மெஷினில் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. என்ன செய்வது?

அடியில் சிக்குவதால் எல்லாரும் அடி நூல் சுற்றிய பாபினைக் கழற்றிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் பிழை மேல் நூலில்தான் இருக்கும். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்காராமல் தளர்ந்து ஓடுவதால் அது அடியில் வளையங்களாகச் சேருகிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் கட்டையைத் தூக்கிவைத்து மேல் நூலை முதலிலிருந்து கோத்தாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும். பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸைச் சோதிக்க வேண்டுமானால், நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக உதற வேண்டும். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. கடகடவென்று தரைக்கு ஓடினால் தளர்வு. அசையவே மறுத்தால் இறுக்கம்.

ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள், தம் சட்டையை ஆண் டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டு, ஆண் சமையல்காரர் ஆக்கிய கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்துதான் கேட்கிறார்கள். கூலி கிடைக்கும்போது ஆண் வேலையாகவும், வீட்டுக்குள் நுழைந்ததும் பெண் வேலையாகவும் மாறுவது அந்த வேலையின் குணம் அல்ல. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டனர். ஆண்களில் அப்படி ஈடுபட்டவர் 26.1 விழுக்காடு. ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். கேரளத்தில் 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் போட்டிருந்தது செய்தியாயிற்று. அது செய்தியானதே நிலைமையைச் சொல்கிறது. என் வகுப்பில் பையன்களுக்கெனத் தனிப் பாடம் இல்லை. சட்டி கழுவும் முறையும் அவரவருக்கு வரும்.

பள்ளிக்கூடமே இதைக் கற்றுத் தரலாமே? இது பழைய குலக்கல்வித் திட்டம் போல் ஆகிவிடாதா?

நான் படித்த பெண்கள் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு தையல் வகுப்புகள் இருந்தன. இன்று என் கையில் இருப்பதில் பாதி அங்கே வந்தது. தமிழ்நாட்டில் மனையியல் இன்றும் மேல்நிலை வகுப்பில் பாடமாக இருக்கிறது. கோவையில் 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி பெண்களுக்கெனத் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் ஓவியம், உடற்கல்வியோடு தையல் ஆசிரியர்களும் இருந்தனர். ஆனாலும், மதிப்பெண் இல்லாத பாடவேளையைத் தேர்வு நெருங்கும்போது கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்ளும் வழக்கம் பள்ளிகளில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி நியாயமானது. 1937 வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, எல்லாப் பிள்ளைகளுக்கும் கைத்தொழில் வழியாகப் பாடம் சொல்வதை நோக்கமாகக் கொண்டது. குலக்கல்வித் திட்டம் என்று பேர் பெற்ற, ராஜாஜி 1953இல் கொண்டுவந்த திட்டமோ பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கப் பிள்ளைகளை அனுப்பியது. சாதியின் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப்போடும் ஏற்பாடு என்று எழுந்த எதிர்ப்பில், காமராசர் முதலமைச்சரான 1954இல் அது கைவிடப்பட்டது. எனவே, எதைக் கற்றுத் தருகிறோம் என்பதோடு யாருக்குக் கற்றுத் தருகிறோம் என்பதையும் கேட்க வேண்டும். டாக்டர் வீட்டுப் பையனும் தறிக்காரர் வீட்டுப் பெண்ணும் ஒரே பட்டனைத் தைத்து, ஒரே சட்டியைக் கழுவும் வரை எனக்கு அந்த அச்சம் இல்லை. பெண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கற்றுத் தந்தால் எனக்கும் அந்த அச்சம் வரும்.

படிப்பு கெடாதா?

வாரத்தில் ஒரு மாலையும் ஞாயிறு மதியச் சமையலும் போதும். அந்த நேரம் பெரும்பாலும் கைபேசியிலிருந்து வருகிறதே தவிரப் பாடப் புத்தகத்திலிருந்து அல்ல.

காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே?

பார்க்கலாம், முறையைத் தெரிந்துகொள்ள அவை உதவும். பதத்தைத்தான் திரையில் காட்ட முடியாது. சப்பாத்தி மாவு காது மடல் போல் மெத்தென்று இருக்க வேண்டும் என்று எத்தனை முறை கேட்டாலும், ஒருமுறை தொட்டுப் பார்த்தால்தான் கைக்குத் தெரியும்.

மகனுக்குப் பதினேழு வயது. அடுத்த மாதம் வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறான். ஒரே மாதத்தில் எதைச் சொல்லித் தரலாம்?

எல்லாவற்றையும் திணிக்காமல் சமையலில் ஐந்து, துணியில் ஐந்து என்று முழு வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். சமையலில் சாதம் வடிப்பது, அரிசி பருப்பு சாதம், ரசம், முட்டைப் பொரியல், ஏதேனும் ஒரு காய். ஆறிய சாதத்தை இரவு முழுதும் வெளியே வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேகவைத்தும் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள் அதில் பெருகி, மீண்டும் சூடாக்கினாலும் போகாத நஞ்சை உண்டாக்கும். துணியில், புதுச் சாயத் துணியை முதல் சில தடவை தனியாகத் துவைப்பது, சட்டைக்கு இஸ்திரி போடுவது, பட்டன், பேண்ட் அடிமடிப்பு, பையின் பிரிந்த தையல். ஒரு வாரம் வீட்டின் இரவுச் சாப்பாட்டை அவனிடமே விட்டுவிடுங்கள். வாரச் செலவுக்கான பணத்தையும் அவன் கையிலேயே கொடுங்கள். மூன்றாம் நாள் வெங்காயம் தீர்ந்துபோய் நிற்கட்டும்.

போகும்போது பெட்டியில் ஒரு சிறிய சுருக்குப் பை வையுங்கள். இரண்டு கைத்தையல் ஊசி, வெள்ளை, கறுப்பு, நீல நூல், நாலு சட்டைப் பட்டன், இரண்டு கொக்கி, நாலு ஊக்கு, ஒரு சின்னக் கத்தரிக்கோல், ஒரு தீப்பெட்டி போதும். அந்தப் பையை அவனே தைக்கட்டும். நாடா நுழையும் வாய் மடிப்பில் எம்மிங்கும், பக்கங்களில் பின் தையலும் வந்துவிடும்.